விற்கிறதுக்கு முதல் எழுதிவைப்பம்

பிரான்சின் நாட்டுப்புறத்தில், ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு பழைய வீடு விற்பனைக்கு வந்தால் அதற்கு எப்பிடி விளம்பரம் எழுதுவினம் என்று பாத்திருக்கிறியளா? எத்தனை அறை, எத்தனை ஏக்கர் என்றதெல்லாம் பிறகுதான். முதலில் வருவது வயது. எந்த நூற்றாண்டில் கட்டினது, முந்தி அது மாவரைக்கிற நீராலையா, குருமனையா, பண்ணைக்காரர் வீடா, எந்த உத்தரம் பழசு, எந்த அடுப்படிக் கல் பழசு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவினம். அங்கே பழசு என்றால் விலை கூடும்.

இனி எங்கட பக்கம் வருவம். கிளிநொச்சியில் வேலியில் தொங்குகிற மட்டையோ, முகநூலில் வருகிற பதிவோ, வன்னிக் காணி விளம்பரம் அனேகமாக இப்பிடித்தான் இருக்கும்: அரை ஏக்கர் உறுதிக் காணி, பிரதான வீதிக்குக் கிட்ட, நல்ல தண்ணிக் கிணறு, காய்க்கிற தென்னைகள், பழைய வீடு உண்டு (உடைக்கலாம்), உரிமையாளர் வெளிநாட்டில்.

அடைப்புக்குறிக்குள் இருக்கிற அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அங்கே வீட்டின் கதை விலையைக் கூட்டுது. இங்கே வீட்டை உடைக்கிற கூலியைக் கழிச்சுப்போட்டுத்தான் விலை பேசுகினம். வீடு, கதை இரண்டுக்கும் பெறுமதி பூச்சியம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுறம். காணி விற்கக்கூடாது, வெளிநாட்டில் இருக்கிறவை எல்லாம் ஊருக்குத் திரும்பி வரவேணும் என்று நாங்கள் சொல்ல வரேல்ல. இருபது வருஷம் பூட்டிக் கிடக்கிற வீட்டைவிட, விற்றுப்போட்ட வீட்டில் ஒரு குடும்பம் இருந்து சமைக்கிறது எவ்வளவோ மேல். நாங்கள் கேட்கிறது இரண்டே இரண்டு: விற்கிறதுக்கு முதல் அந்த வீட்டை எழுதிவைப்பம். விற்கிறதுக்கு முதல் அந்த வீட்டை இவ்வளவு காலமும் காத்தவையிட்டை ஒரு சொல் கேட்பம்.

அங்கே ஏன் கதை மிஞ்சியிருக்கு

பிரெஞ்சுக்காரர் எங்களைவிடப் பாசமானவை என்பதால் அங்கே வீட்டுக் கதைகள் தப்பி இருக்கேல்ல. கடதாசி தப்பினதால்தான் கதையும் தப்பியிருக்கு. 1807இல் நெப்போலியன் காலத்தில் ஒரு சட்டம் வந்து, நாடு முழுக்கக் காணிகளை அளந்து வரைபடம் போட்டினம். நோக்கம் வரி எடுக்கிறது. ஆனால் இரண்டு நூற்றாண்டு கழிச்சு ஒருத்தர் தன்ர வீட்டின்ர வயதைத் தேடினால், அந்த வரி வரைபடத்தில் வீடு ஒரு சின்னப் பெட்டியாக இருக்கும். அதோடு நொத்தாரிசுமார் எழுதின மூலப் பத்திரங்கள் 75 வருஷத்துக்குப் பிறகு அரச ஆவணக் காப்பகத்துக்குப் போகவேணும் என்கிற விதியும் அங்கே இருக்கு. ஆர் ஆருக்கு வித்தது, எந்த மகளுக்குச் சீதனமாகப் போனது என்று தேடிப்பிடிக்கலாம்.

அதற்கு மேல 1913ஆம் ஆண்டின் வரலாற்று நினைவுச்சின்னச் சட்டம். இன்றைக்கு அந்தப் பாதுகாப்புக்குள் ஏறத்தாழ 45,000 கட்டடங்கள் இருக்கு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை தனியாரின் சொத்து. அதாவது, உங்கட சொந்த வீடாக இருந்தாலும் நினைச்ச மாதிரி இடிக்க ஏலாது.

அப்பிடியும் கைவிடப்பட்ட வீடுகள் அங்கே நிறைய. வியன் மாவட்டத்தில் லா மோத் சாந்தெனியே என்று ஒரு மாளிகை, சுற்றிவர அகழித் தண்ணி. 1932இல் தீப்பிடிச்ச பிறகு கூரை இல்லாமல் கிடந்து, உள்ளுக்குள்ளேயே மரங்கள் வளர்ந்து கூரைக்கு மேலால வெளிய வந்திட்டுது. 2017 முடிவில் ஒன்லைனில் காசு சேர்த்து, 100க்கு மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 25,000 பேர் சேர்ந்து அதை வாங்கிச்சினம். ஆளுக்கு 50 யூரோவில் இருந்து பங்கு. பெரும்பாலான ஆக்கள் அந்த இடத்தை ஒருநாளும் நேரில் கண்டதில்லை.

இதை வாசிக்கேக்க எங்களுக்கு முதலில் வந்தது பொறாமை. பிறகுதான் யோசிச்சம், 25,000 பேர் சேர்ந்து ஒன்றைத் திருப்பிக் கட்டுறது எங்களுக்குப் புதுசில்லையே. வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து எத்தனை கோயில் கோபுரம் கட்டியிருக்கு, எத்தனை பள்ளிக்கூடத்துக்கு மாடி போட்டுக் குடுத்திருக்கு! காசும் இருக்கு, மனசும் இருக்கு. வீடு என்கிறது மட்டும் அந்தக் கணக்குக்குள் வந்ததில்லை. கோயில் ஊருக்குப் பொது, வீடு ஒருத்தரின்ர சொந்த விஷயம் என்று விட்டிட்டம்.

இங்கே எது வரலாறு?

இலங்கையில் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கு. பொதுவாக அது பழசு என்று எடுக்கிற எல்லைக்கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள். அந்தக் கோட்டை வைச்சுப் பாத்தால் வன்னியில் ஒரு கமக்காரனின்ர வீடு எந்தக் காலத்திலும் பழசாக மாட்டுது. ஏன்? களிமண் சுவரும் கிடுகுக் கூரையும் இருநூறு வருஷம் நிக்கிற பொருள் இல்லை. கூரை மூன்று நாலு மாரிக்கு ஒருக்கா மாறும். சுவரை வருஷா வருஷம் மெழுகவேணும். இந்த வீடுகள் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டுத்தான் உயிரோட இருந்தவை. தலைவாசல், விறாந்தை, தள்ளி ஒரு குசினி, நெல்லுப் போட்டுவைக்கக் கொம்பறை, முற்றத்தில் ஒரு மால், பின்னால மாட்டுப் பட்டி. வளவு முழுக்கச் சேர்ந்தால்தான் வீடு. அதில் சுவர் ஒரு பகுதி மட்டும்தான்.

பிறகு சீமெந்து வந்தது. 1950களில் இரணைமடுவுக்குக் கீழ வயல் பெருகப் பெருக, கல்வீடும் வந்தது. முதிரை மரக் கதவு, பாலை மர வளை, ஓட்டுக் கூரை. வன்னியில் இன்றைக்கு மிஞ்சியிருக்கிற 'பழைய வீடு' என்பது அனேகமாக இந்தக் காலத்து வீடுதான். எழுபது வயது. பிரான்சில் எழுபது வயது வீட்டைப் புது வீடு என்பினம்.

ஆனால் அந்த எழுபது வருஷத்துக்குள் இந்த வீடுகள் பாத்ததை எண்ணிப் பாருங்கோ. 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி நகர் இராணுவத்திட்டைப் போனது. 1998 செப்ரெம்பரில் புலிகளிட்டைத் திரும்பினது. 2009 ஜனவரி 2இல் மறுபடி இராணுவம் பிடிச்சது. ஒவ்வொரு முறையும் சனம் வெளிக்கிட்டது, திரும்பினது. 2008 இடப்பெயர்வில் கூரைச் சீற்றையும் ஓட்டையும் கதவையும் கழட்டி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போன குடும்பங்கள் ஏராளம். வீட்டைக் கழட்டிக் கொண்டுபோய் இன்னொரு இடத்தில் பூட்டி, அங்கேயிருந்தும் கழட்டிக் கொண்டு போயிருக்கினம்.

போர் முடிஞ்ச பிறகு கிளிநொச்சியில் நினைவுப்பொருளாக நிண்டது எது? சரிஞ்சு விழுந்த தண்ணித் தாங்கி. பல வருஷமாக உல்லாசப் பயணிகள் பஸ்ஸை நிப்பாட்டிப் படம் எடுத்தது அதுக்கு முன்னாலதான். பக்கத்து ஒழுங்கைகளில் கூரையில்லாமல் நிண்ட வீடுகளுக்கு ஆரும் ஒரு பலகை நட்டு விளக்கம் எழுதேல்ல. எது வரலாறு, எது வெறும் இடிபாடு என்று தீர்மானிச்சது அந்த வீட்டில் இருந்தவை இல்லை.

பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் வடக்கு, கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா வீதம் குடுத்தினம். தறப்பாளுக்குள் இருந்த சனத்துக்கு அது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது. 2016இல் 65,000 உலோகப் பொருத்து வீடுகள், ஒன்று ஏறத்தாழ 21 இலட்சம் என்று ஒரு திட்டம் வந்தபோது, எங்கட வெய்யிலுக்கு இது சரிவராது, அந்தக் காசுக்குக் கல்வீடே கட்டலாம் என்று இங்கேயிருந்து பலமான எதிர்ப்பு எழும்பினது. வீடு என்றால் எப்பிடி இருக்கவேணும் என்று எங்கட சனத்துக்குத் தெளிவான அபிப்பிராயம் இருக்கு. அந்த அபிப்பிராயத்தை ஆரும் எழுதிவைக்கேல்ல, அவ்வளவுதான்.

நாங்கள் ஒரு வீட்டை எழுதிப் பாத்தம்

சும்மா கதைச்சுக்கொண்டு இருக்காமல் ஒருக்காச் செய்து பாப்பம் என்று, போன விடுமுறையில் எங்களில் நாலு பேர் ஒரு வீட்டுக்குப் போனம். எங்களில் ஒருத்தியின் அம்மம்மா பிறந்த வீடு. கண்டாவளைப் பக்கம், கனகராயன் ஆற்றுக்குக் கிட்ட. இப்ப அது அம்மம்மாவின் தம்பியாருக்கும் அவரின்ர சகோதரங்களுக்கும் பங்குக் காணி. தம்பியார் பரிசுக்குப் பக்கத்தில் இருக்கிறார், வயது எழுபதுக்கு மேல. அற்றோணி எழுதி அனுப்பி, காணியை விற்கிற யோசனை. கையில் ஒரு அளவு நாடா, இரண்டு போன், ஒரு கொப்பி. இரண்டு நாள்.

கிணற்றுக் கட்டில் பாசியைச் சுரண்டிப் பாத்தால் 1957 என்று இருந்தது. சீமெந்து ஈரமாக இருக்கேக்க ஆரோ விரலால எழுதினது. பிறகு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினபோது பிரான்சில் இருக்கிற தாத்தா சொன்னார், அது தன்ர மூத்த அண்ணனின்ர கையெழுத்து என்று. அவருக்கு அந்த ஆண்டு நினைவில்லை, அந்த '7' வளையிற விதம் நினைவிருந்தது.

முன் கதவு முதிரை. நிலையின் உள்பக்கம் பென்சிலால் கோடு கோடாகப் பிள்ளைகளின் உயரம் குறிச்சுப் பெயரும் எழுதியிருந்தது. சந்தோஷத்தில் அம்மம்மாவுக்குப் போன் எடுத்து ஒவ்வொரு பெயராக வாசிச்சம். ஒரு பெயரும் அவவின்ர குடும்பத்தில் இல்லை. பிறகுதான் தெரிஞ்சது, அந்த வீட்டின்ர சொந்தக் கதவும் நிலையும் இடப்பெயர்வில் காணாமல் போய், மீள்குடியேறின பிறகு பழைய மரம் விற்கிற இடத்தில் இதை வாங்கிப் பூட்டினது என்று. ஆக, இந்த வீட்டின்ர கதவு இன்னொரு வீட்டின்ர கதை. அந்தப் பிள்ளைகள் இப்ப எங்கே இருக்கினம் என்று அந்தக் கோட்டைப் பாத்துக்கொண்டு கன நேரம் இருந்தம். பெயர்களை இங்கே எழுதேல்ல. எங்கட கொப்பியில் இருக்கு.

ஆனால் அந்த வீட்டைப் பற்றி எங்களுக்குக் கூடச் சொன்னது அம்மம்மாவும் இல்லை, தாத்தாவும் இல்லை. 2011இல் இருந்து அங்கே காவலுக்கு இருக்கிற ஒரு அம்மா. அவவின்ர ஆக்கள் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வன்னிக்கு வந்தவை. எந்த மூலை ஒழுகும், எந்த வளையில் கறையான், எந்தத் தென்னை ஷெல் பட்டும் தப்பினது எல்லாம் அவவுக்குத் தெரியும். குசினிச் சுவரில் முழங்காலுக்கு மேல ஒரு மண்கோடு. "அது 2018 மார்கழி. இரணைமடு கதவு திறந்தாப் பிறகு ஆறு குசினிக்குள்ள வந்திட்டுப் போனது" என்றா. அந்த டிசெம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நிண்டது எங்கள் எல்லாருக்கும் நினைவு. அந்த வெள்ளம் இந்த வீட்டில் எவ்வளவு உயரத்துக்கு வந்தது என்று தெரிஞ்ச ஒரே ஆள் அவதான்.

இதை ஏன் சொல்லுறம் என்றால், பிரான்சில் வீடு விற்கிறவர் வெள்ள அபாயம், கறையான், ஈயப் பூச்சு பற்றின அறிக்கைகளை வாங்குகிறவருக்குக் குடுத்தாக வேணும், அது சட்டம். ஆற்றங்கரை என்ற சொல் அங்கே அழகு, ஆனால் ஆறு எவ்வளவு தூரம் ஏறும் என்றதையும் சொல்லித்தான் விற்கவேணும். எங்கட பக்கத்தில் அந்த அறிக்கை ஒரு அம்மாவின்ர வாயில் இருக்கு. வீடு கைமாறினால் அவ போயிடுவா, அதோடு அதுவும் போயிடும். மேல மணல் அள்ளுறதால கரை ஒவ்வொரு மாரிக்கும் அரியிற இந்தக் காலத்தில் அந்தக் கோடு ஒரு ஞாபகப்பொருள் மட்டும் இல்லை. அடுத்ததாக அங்கே வீடு கட்டப்போறவருக்கு அத்திவாரம் எவ்வளவு உயரம் என்று சொல்லுற கணக்கு.

முதலில் ஆரைக் கேட்கவேணும்?

வீட்டை விற்றால் அந்த அம்மாவின்ர குடும்பம் எங்கே போகும்? இந்தக் கேள்வியை நாங்கள் எழுதுறதுக்குப் போகேக்க யோசிக்கவே இல்லை. ஆனால் திரும்பி வரேக்க பஸ்ஸில் கதைச்சது முழுக்க அதுதான்.

சட்டப்படி அவைக்கு ஒன்றும் இல்லை. பத்து வருஷம் ஆண்டால் உரித்து வரும் என்கிறது, உரிமையாளருக்கு எதிராக, அவரின்ர சம்மதம் இல்லாமல் ஆண்டவைக்குத்தான். சம்மதத்தோடு காவலுக்கு இருக்கிறவைக்குப் பொதுவாக எத்தனை வருஷம் போனாலும் வராது. அதோடு, போரால வெளியேறினவை தங்கட காணியை இந்தப் பத்து வருஷக் கணக்கில் இழக்கக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்துக்கு அது பொருந்தும். அது தேவையான சட்டம். எங்கட குடும்பங்களே அதால பயன் பெற்றிருக்கலாம். ஆனால் வெளியேறினவரின்ர உரிமையைச் சட்டம் நினைவு வைச்சிருக்கிற அளவுக்கு, அந்த வீட்டைக் கூட்டித் துடைச்சு வைச்சிருந்தவையின்ர உழைப்பை ஒரு கடதாசியும் நினைவு வைச்சிருக்கேல்ல.

இங்கேதான் எங்கட பழைய வழக்கம் ஒன்று உதவும் என்று நாங்கள் நினைக்கிறம். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையில், ஒருத்தர் தன்ர காணியைப் பிறத்தியாருக்கு விற்கிறதுக்கு முதல் உரித்தாளருக்கும், பங்காளருக்கும், அந்தக் காணியை ஈடு பிடிச்சிருந்த அயல் காணிக்காரருக்கும் அறிவிக்கவேணும் என்று இருந்தது. அதே விலையைக் குடுத்து வாங்குற முதல் உரிமை அவைக்கு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இதைச் சுருக்கி, பங்காளருக்கும் உரித்தாளருக்கும் மட்டும் என்று ஆக்கினது. அயலவர் வெளியில போயிட்டினம்.

பிரான்சின் நாட்டுப்புறத்திலும் இதே மாதிரி ஒன்று இருக்கு. 1960 விவசாயச் சட்டத்தோடு வந்த 'சஃபேர்' என்கிற நில அமைப்புகள். நாட்டுப்புறக் காணி விற்கப்படேக்க நொத்தாரிசு அவைக்கு அறிவிக்கவேணும். இரண்டு மாதத்துக்குள் அவை விரும்பினால் இடையில் புகுந்து தாங்களே வாங்கி, ஊரில் விவசாயம் செய்கிற ஒருத்தருக்குக் குடுக்கலாம். தனியார் சொத்தைப் பெரிசாக மதிக்கிற ஒரு நாடே, காணி விற்கப்படேக்க ஊருக்கும் ஒரு சொல் இருக்கு என்று ஒத்துக்கொள்ளுது. எங்களிட்டை அந்த எண்ணம் முந்நூறு வருஷத்துக்கு முதலே இருந்தது. நாங்கள்தான் அதை உறுதி எழுதுற நொத்தாரிசின்ர வேலை என்று விட்டிட்டம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இதைக் குடும்பமாகவே செய்யலாம். விலை பேச முதல், காவலுக்கு இருக்கிற குடும்பத்திட்டை, "நீங்கள் வாங்க விருப்பமோ? தவணையில் தர ஏலுமோ? இல்லாட்டி ஒரு மூலையில் ரெண்டு பரப்புப் பிரிச்சுத் தரட்டோ?" என்று கேட்கிறதுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. எங்கட தாத்தாவிட்டையும் இதைக் கேட்டிருக்கிறம். சகோதரங்களோடு கதைச்சுச் சொல்லுறன் என்றவர். இதை எழுதும்வரை பதில் வரேல்ல.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக்கூடாது. வன்னியில் கனக்க ஆக்களின்ர காணி உறுதிக் காணியே இல்லை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ வந்த பேமிற் காணி. அதை நினைச்ச மாதிரி விற்க ஏலாது, பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறிச்சு வைக்கவேணும். பெயர் குறிக்காமல் இறந்தால் மகளுக்கு முதல் மகனுக்கு என்று இருந்த விதி 2022 திருத்தம் வரை நடைமுறையில் இருந்தது. எத்தனை அம்மம்மாக்களின்ர வீட்டுக் கதை இந்த விதியால ஆம்பிளையின்ர பெயரில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசிச்சுப் பாருங்கோ. வீட்டைக் கடதாசியில் மட்டும் தேடினால் அவையைக் காண ஏலாது. வாயால கேட்டு எழுதினால்தான் வருவினம்.

கடைசியாக ஒரு விசித்திரம். பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த எங்கட உறவுக்காரர் ஒருத்தர், காசிருந்தால், பிரான்சில் எந்த ஆற்றங்கரை மாளிகையையும் வாங்கலாம். ஆனால் இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் விட்டிருந்தால், கண்டாவளையில் தன்ர சின்ன வயதுச் சிநேகிதனின்ர வீட்டை வாங்க 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நிக்கும். முதுசமாக வந்தால் வேறு கதை. 'அவை காசு அனுப்பி எல்லாத்தையும் வாங்குகினம்' என்று ஊரில் சொல்லுறதும், 'ஊரில் எங்களுக்கு இனி என்ன?' என்று அங்கே சொல்லுறதும் இந்த இரண்டு நாட்டுச் சட்டங்களுக்கு நடுவில்தான் முட்டுப்படுது.

இது வசதியானவையின்ர ஏக்கமோ?

எங்கட வட்டத்துக்குள்ளேயே ஒரு தோழர் கேட்டார்: "சாப்பாட்டுக்கு வழியில்லாத சனம் இருக்கேக்க, பழைய கதவைப் பற்றி எழுதுறது மேல்தட்டு ஏக்கம் இல்லையோ?" நியாயமான கேள்வி. பதில் சொல்லப் பாக்கிறம்.

பழைய வீட்டு ஏக்கம் மேல்தட்டு விஷயமாகப் போன இடங்கள் இருக்குத்தான். தமிழ்நாட்டில் செட்டிநாட்டைப் பாருங்கோ. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடித் தளக்கல் என்று தெருத் தெருவாக மாளிகைகள். ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் ஆனபோது ஆரும் பராமரிக்க ஏலாமல், கதவு வேற, தூண் வேற என்று கழட்டி விற்கப்பட்டவை நிறைய. இன்றைக்குக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகளுக்கென்றே ஒரு தெரு இருக்கு. தப்பினவையில் சில தங்குவிடுதிகளாக மாறினது. கோத்தமங்கலத்தில் சாரதா விலாசைத் திருத்தி எடுத்தது இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள். நல்ல வேலைதான். ஆனால் அந்த வீட்டுக்குள்ளே ஒரு இரவு தங்கிறதுக்கு எங்களைப் போன்ற பெடியளுக்குக் கட்டாது.

யாழ்ப்பாணத்தில் நல்லூர் மந்திரிமனை இன்னொரு விதம். எல்லாருக்கும் தெரிஞ்ச, எல்லாரும் படம் எடுத்துப் போடுகிற கட்டடம். பாதுகாக்கவேணும் என்று சொல்லாத ஆள் இல்லை. ஆனால் காணி தனியாருடையது, யார் செய்கிறது என்ற இழுபறிக்கு நடுவில் 2025 செப்ரெம்பர் மழைக்கு ஒரு பகுதி இடிஞ்சு விழுந்திட்டுது. பெயர் பெற்ற கட்டடத்துக்கே இந்த நிலை என்றால், பெயரில்லாத வன்னி வீட்டைச் சுவரோடு காப்பாற்றலாம் என்று நாங்கள் கனவு காணேல்ல.

அதனால்தான் நாங்கள் சுவரைக் காப்பாற்றச் சொல்லேல்ல. எழுதச் சொல்லுறம். எழுதுறதுக்குச் செலவு ஒரு கொப்பி. வாங்கிறவர் வீட்டை உடைச்சு மாடி கட்டட்டும், அது அவரின்ர உரிமை. ஆனால் 1957இல் ஒரு அண்ணன் ஈரச் சீமெந்தில் எழுதினதும், ஆற்றுத் தண்ணி எவ்வளவு உயரம் வந்ததும், பதினாலு வருஷத்துக்கு மேல ஒரு அம்மா அந்த முற்றத்தைக் கூட்டினதும் உடைக்கிற பட்டியலில் இல்லை. பிரெஞ்சு விளம்பரங்களில் பிரபுவின்ர பெயர் வரும், கட்டின கொத்தனின்ர பெயரும் சமைச்சவளின்ர பெயரும் வராது. நாங்கள் புதுசாகத் தொடங்கிறபடியால் அந்தப் பிழையை விடத் தேவையில்லை. கொத்தனையும் காவல்காரியையும் முதல் பக்கத்திலேயே எழுதலாம்.

வன்னியைப் பற்றி வெளியாள் எழுதின புத்தகம் இருக்கு. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்கிற ஆங்கில அதிகாரி வவுனியா, முல்லைத்தீவு பற்றி ஒரு கைநூலே எழுதினவர். ஒல்லாந்தர் தோம்பு எழுதினது வரிக்கு, லூயிஸ் எழுதினது நிர்வாகத்துக்கு. வீட்டுக்குள்ள இருந்து வன்னியை எழுதுற வேலை எங்களுக்கென்று மிச்சம் இருக்கு.

எப்பிடிச் செய்கிறது

நாங்கள் செய்த விதத்தைச் சொல்லுறம். உங்களுக்கு வசதியான மாதிரி மாத்திக்கொள்ளுங்கோ.

முதலில் வளவைச் சுற்றி நடந்து ஒரு கைப்படம் கீறுங்கோ. வீடு, கிணறு, குசினி, பட்டி, மரங்கள், படலை, ஆறு அல்லது வாய்க்கால் எந்தப் பக்கம். அளவு நாடாவால் நீளம் அகலம் எடுங்கோ. கிணற்றுக்குக் கயிறு விட்டு ஆழம் பாருங்கோ, கோடையில் தண்ணி எவ்வளவு நிக்கும் என்று கேளுங்கோ.

பிறகு ஆக்களைக் கேளுங்கோ. ஆர் கட்டினது, கொத்தன் எந்த ஊர், மரம் எந்தக் காட்டால வந்தது, கூரை எத்தனை தரம் மாறினது, எந்தெந்த ஆண்டு விட்டுப்போட்டு வெளிக்கிட்டது, திரும்பி வரேக்க என்ன இருந்தது, என்ன இல்லை. நடுவில் வேற ஆரும் இருந்தவையோ என்று கட்டாயம் கேளுங்கோ. இடம்பெயர்ந்து வந்து ஆறு மாதம் இருந்திட்டுப் போன குடும்பமும் அந்த வீட்டின்ர குடும்பம்தான். ஒலிப்பதிவு செய்யேக்க சம்மதம் கேளுங்கோ. சில ஆக்கள் சில ஆண்டுகளைப் பற்றிக் கதைக்க விரும்பாயினம். வற்புறுத்தாதேங்கோ, அந்த இடத்தை வெறுமையாக விட்டிட்டுப் போங்கோ.

மூன்று பிரதி எடுங்கோ. ஒன்று விற்கிறவைக்கு, ஒன்று வாங்குகிறவைக்கு உறுதியோடு சேர்த்துக் குடுக்க, ஒன்று ஊர் வாசிகசாலைக்கு. காவலுக்கு இருந்த குடும்பத்துக்கு நாலாவது. சம்மதம் தந்தால் நூலக நிறுவனத்துக்கும் அனுப்பலாம். 2005இல் இருந்து எங்கட புத்தகங்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் சேர்த்து வருகினம், படங்களும் ஒலிப்பதிவுகளும் சேர்க்கிறதுக்கு அவையின்ர ஆவணகம் இருக்கு.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவைக்கு: அற்றோணி எழுதி அனுப்ப முதல் ஒரு அரை மணித்தியாலம் போனில் கதையுங்கோ. உங்கட பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்தி வைச்சுக் கதையுங்கோ. எங்களில் ஆரும் கேட்டு எழுதுவம். வன்னியில் இருந்து வாசிக்கிறவைக்கு: உங்கட ஒழுங்கையில் 'உடைக்கலாம்' என்று போட்ட வீடு இருந்தால், உடைக்க முதல் ஒரு பின்னேரம் போய், அங்கே இருக்கிற ஆளோடு கதைச்சிட்டு வாங்கோ. மாரி தொடங்கிறதுக்குள்ள போனால் சுவரில் பழைய தண்ணிக்கோடு வடிவாகத் தெரியும்.